வட்டுக்கோட்டைக் கோயில் ஆர் கட்டினது? எங்கட பழைய கோயிற்பற்றுக் கோயில்களைப் பற்றி

லண்டனில இருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார், மார்கழி லீவுக்கு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வாறாராம், அவற்ற அம்மம்மா ஞானஸ்நானம் எடுத்தது வட்டுக்கோட்டைக் கோயிலிலயாம், அது பறங்கியர் (போர்த்துக்கீசர்) கட்டினதோ ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டினதோ அமெரிக்கன் மிசன் கட்டினதோ எண்டு ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லீனமாம், அங்க போனா என்ன பாக்கலாம், பழைய பதிவுகள் ஏதும் எடுக்க ஏலுமோ எண்டு. நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமாத்தான் சொல்ல வேணும், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல நேரான பதில். உங்களுக்கு சொன்ன எல்லாரும் சரியாத்தான் சொல்லியிருக்கினம். அந்த இடத்தில பங்கு வைச்சு கோயில் எழுப்பினது பறங்கியர் காலத்தில. பிறகு ஒல்லாந்தர் அதைத் தங்கட கையில எடுத்து பெரிசாக் கட்டினவை, இப்ப நிக்கிற கட்டிடத்துக்கு 1678 எண்ட ஆண்டுதான் சொல்லப்படுறது. இங்கிலீசுக்காரன் வந்தாப்பிறகு கவனிப்பார் இல்லாமல் கூரையும் போய் சுவர் மட்டும் நிண்டதை அமெரிக்கன் மிசன்காரர் 1817 இல வந்து இருந்து திருத்தி எடுத்தவை. 1947 இல தென்னிந்திய திருச்சபை உண்டானாப்பிறகு யாழ்ப்பாண ஆதீனத்தின்ட (மறைமாவட்டத்தின்ட) பேராலயம் ஆச்சுது. ஒரே இடத்தில நாலு சபை, கன பாஷையில செபம், அதுக்குள்ள எங்கட தமிழ் மட்டும் ஒவ்வொரு சபையிலயும் வந்திருக்கு. ஆர் கட்டினது எண்டு ஒரு பேரை மட்டும் பிடிச்சுக்கொண்டு போனீங்கள் எண்டா இந்தக் கோயிலில பாக்க வேண்டினது பாதி விட்டுப்போகும்.

இனி விரிவா வாறன்.

1619 இல பறங்கியற்ற தளபதி பிலிப்பே டி ஒலிவேரா படையோட வந்து சங்கிலி அரசனைப் பிடிச்சுக்கொண்டு போனதோட எங்கட ராச்சியம் முடிஞ்சுது, அது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு பறங்கியர் செய்த முதல் வேலையளில ஒண்டு ஊர் ஊரா கோயில் வைச்சு அந்தக் கோயிலைச் சுத்தின கிராமங்களை ஒரு கோயிற்பற்றாப் பிரிச்சது. தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர் எண்டு வலிகாமத்தில மட்டும் இவ்வளவு. தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி, தீவுகள் வேற. இந்தப் பிரிப்பு சமய அலுவலுக்கு மட்டும் எண்டு நினைக்கக் கூடாது. ஊரில ஆர் பிறந்தது, ஆர் ஆரைக் கட்டினது, ஆர் செத்தது எண்டு கணக்கு வைச்ச இடம் கோயில். பிள்ளையளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததும் அந்த வளவுக்குள்ளதான். அதால கோயிற்பற்று எண்டது சமயத்துக்கும் அரசாங்கத்துக்கும் பொதுவான ஒரு அலகா இருந்தது, பிற்காலத்தில ஒல்லாந்தரும் அதை அப்பிடியே வைச்சுக்கொண்டவை, குழப்பேல்ல.

முதல் முதல் கட்டின கோயில்கள் மண் சுவரும் கிடுகுக் கூரையும்தான், அதில ஒண்டும் மிஞ்சேல்ல. 1627 மாசியில அடிச்ச பெரும் புயலும் கடல் ஏறினதும் கனக்க அழிச்சது. பிறகு கல்லாலக் கட்டத் தொடங்கினவை. யாழ்ப்பாணப் பட்டினத்தில மட்டும் ராச்சியம் விழ முந்தியே, 1614 இல, பிரான்சிஸ்கன் சுவாமிமார் புதுமை மாதா கோயில் வைச்சிட்டினம், பிறகு அதைச் சுத்தித்தான் கோட்டையே எழும்பினது. அந்தக் கோயிலின்ட மணி ஒண்டு, மாதான்ட பேரும் யாழ்ப்பாணப் பட்டினத்தின்ட பேரும் 1648 எண்ட ஆண்டும் பொறிச்சது, பிறகு ஒல்லாந்தற்ற கோயிலிலயும் அதே மணிதான் அடிச்சுது. மாதா சுருவத்தையும் (சிலையையும்) பீடத்தையும் வேண்டாம் எண்டவை மணியை வைச்சிருந்தவை எண்டதைப் பிள்ளையளுக்கு சொல்லுங்கோ, நல்லா ஞாபகம் நிக்கும்.

இதில ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்லத்தான் வேணும். இந்தக் கோயில்களுக்கு கல்லும் மரமும் ஆள்பலமும் சும்மா வரேல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621 இல ஒலிவேரா இடிச்சான். பழைய முருகன் கோயில் நிண்ட இடம் எண்டு சொல்லப்படுறதில, யமுனா ஏரிக்குக் கிட்ட, இப்ப நிக்கிறது அங்கிலிக்கன் சபையின்ட சென் ஜேம்ஸ் கோயில். வேற எத்தினையோ கோயில் கல்லும் கோட்டைக்கும் பறங்கியற்ற கட்டிடத்துக்கும் போச்சுது. சனம் சம்பளமில்லாத ஊழியம் செய்து சுமந்த கல்லு. சைவசமயிகள் வீட்டுக்குள்ள ஒளிச்சு விரதம் பிடிச்சு, சாப்பிட்ட இலையை வெளியில போடப் பயந்து சுருட்டி இறப்பில (கூரை விளிம்பில) செருகி வைச்சவை எண்டு எங்கட பழைய ஆக்கள் எல்லாரும் சொல்லுவினம், பேந்து பறங்கியர் போய் கன காலத்துக்குப் பிறகும் விரத இலையை இறப்பில செருகிற வழக்கம் சில வீடுகளில இருந்தது. நான் இந்தக் கோயில்களை நேசிக்கிறவன், ஆனா நேசிக்கிறதுக்காக இதைச் சொல்லாமல் விட்டா அது வரலாறாகாது. உங்கட பிள்ளையள் ஓரளவு வளந்த பிள்ளையள் எண்டா சுவரைக் காட்டேக்க இதையும் சேத்துச் சொல்லுங்கோ.

1658 ஆனியில யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தற்ற கையில போச்சுது. படையோட வந்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ் எண்ட போதகர். அவர் 1665 வரைக்கும் இலங்கையில இருந்தவர், யாழ்ப்பாணம் முழுக்க ஒவ்வொரு கோயிற்பற்றா சுத்தித் திரிஞ்சவர், திரும்பிப் போனாப்பிறகு 1672 இல ஆம்ஸ்டர்டாமில அவற்ற பெரிய புத்தகம் வந்தது. அதில எங்கட ஊர்க் கோயில்கள் ஒவ்வொண்டையும் பேர் சொல்லி, பள்ளிக்கூடத்தில எத்தின பிள்ளையள், சனம் எப்பிடி எண்டு எழுதி, கன கோயில்களின்ட படமும் போட்டிருக்கிறார். 350 வருசத்துக்கு முந்தின சங்கானையையும் வட்டுக்கோட்டையையும் ஒருத்தர் நேர கண்டு எழுதி வைச்சிருக்கிறார் எண்டது எவ்வளவு பெரிய விசயம். அவர் கணக்குப்படி யாழ்ப்பாணத்தில அப்ப 60,000 க்கு மேல கிறிஸ்தவர்கள். ஆனா பேருக்குக் கிறிஸ்தவர், உள்ளுக்க சைவம் எண்டதும் அவருக்கு நல்லாத் தெரியும், அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒல்லாந்தர் கோயிலுக்குள்ள செய்த மாத்தம் கண்ணுக்குத் தெரியிற மாத்தம். சுருவங்கள், பீடங்கள் எல்லாம் போச்சுது, சுவர் வெள்ளை அடிச்சாச்சு, பிரசங்க மேடை வந்துது. பறங்கியருக்கு கோயிலின்ட மையம் பீடம், ஒல்லாந்தருக்கு மையம் பிரசங்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை கேட்ட அதே மண்டபத்தில சனம் நிலத்தில இருந்து பிரசங்கம் கேட்டுது, அதுவும் போதகர் எல்லா ஊருக்கும் போய்க்கொள்ள ஏலாது, ஆள் காணாது, அதால கன கிழமையில சட்டம்பியார்தான் (பள்ளிக்கூட வாத்தியார்) எழுதி வைச்ச பிரசங்கத்தைத் தமிழில வாசிச்சுக் காட்டுறது. கிழமை நாளில அதே கோயில் பள்ளிக்கூடம். பிள்ளையள் வராட்டி தாய் தேப்பனுக்கு தண்டம். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் சட்டம்பியார் தோம்பில (பதிவேட்டில) பதிய வேணும், பதியாட்டி காணி பூமி உரிமையில பிரச்சினை. அதால சைவ ஆக்களும் கோயிலில வந்து பேரைப் பதிஞ்சுபோட்டு வீட்ட போய் தங்கட முறைப்படி தாலி கட்டினவை. பழைய காணி உறுதியளில டொன் பிலிப்பு, டொன் யுவான் எண்டு முன்னுக்கு ஒரு பேரும் பின்னுக்கு சுத்தத் தமிழ்ப் பேரும் வாறது இந்தக் காலத்து மிச்சம்தான்.

கத்தோலிக்கருக்கு அது கஷ்டமான காலம். தங்கட தாத்தாமார் கட்டின கோயில் கண்ணுக்கு முன்னால நிக்குது, உள்ள போக ஏலாது, சுவாமிமார் நாட்டுக்குள்ள வரவே தடை. 1687 இல யோசப் வாஸ் சுவாமி கோவாவில இருந்து கூலி ஆள் மாதிரி உடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில வந்து இறங்கினவர், சில்லாலை ஊரில இருந்துகொண்டு இரவில வீடு வீடாப் போய் பூசை வைச்சவர். சில்லாலை எங்க இருக்கு தெரியும்தானே, பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில, சங்கானையில இருந்து கூப்பிடு தூரம் எண்டு சொல்லலாம். பகலில சங்கானைக் கோயிலில ஒல்லாந்த முறைப் பிரசங்கம், இரவில சில்லாலையில ஒரு வீட்டுக்குள்ள பூசை. 2015 தையில பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கினார். மன்னார்ப் பக்கம் மாந்தையில இருந்த மாதா சுருவம் 1670 இல காட்டுக்குள்ள மடுவுக்குப் போனதும் இதே கெடுபிடியாலதான்.

கோட்டைக்குள்ள ஒல்லாந்தர் கட்டின கோயிலைப் பற்றியும் சுருக்கமாச் சொல்ல வேணும், ஏனெண்டா யாழ்ப்பாணத்துப் பழைய சேர்ச் எண்டா எல்லாரும் அதைத்தான் நினைக்கிறவை. அது 1706 இல கட்டி முடிஞ்சுது. கட்டினவர் மார்ட்டினஸ் லேயுசகாம் எண்ட தலைமை நில அளவையாளர், கதவுக்கு மேல அவற்ற பேரே பொறிச்சிருந்தது. நாலு கையும் ஒரே அளவான சிலுவை வடிவம், நடுவில உயர்ந்த கூரை, இலங்கையில ஒல்லாந்தர் கட்டின கோயில்களில ஆகப் பெரிசு எண்டு சொல்லுவினம். அதுக்கு முந்தி அதே இடத்தில நிண்டது பறங்கியற்ற புதுமை மாதா கோயில். 1990 இல கோட்டையைச் சுத்தி நடந்த சண்டையிலயும் அதுக்குப் பிறகும் அது முழுக்க அழிஞ்சு போச்சுது, இப்ப கோட்டைக்குள்ள போனா கல்லுக் குவியலும் அத்திவாரமும்தான். கோட்டைச் சுவரைத் திருப்பிக் கட்டியிருக்கினம், கோயில் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. மனம் நோகிற இடம். அது படைக்கும் கொம்பனிக்காரருக்கும் கட்டின கோயில், எங்கட சனம் ஊரில கும்பிட்ட கோயில் வேற, அதால உங்களுக்கு வட்டுக்கோட்டைதான் முக்கியம் எண்டு நான் சொல்லுவன்.

1795 புரட்டாதியில இங்கிலீசுக்காரர் வந்திட்டினம். அவை ஒல்லாந்தற்ற கட்டாயத்தை எடுத்து விட்டினம், சமயம் ஆருக்கும் சுயவிருப்பம். அவ்வளவுதான், ஒரு தலைமுறைக்குள்ள ஊர்க் கோயில்கள் வெறிச்சுப் போச்சுது, சட்டம்பியாருக்கு சம்பளம் நிண்டுது, கறையான் தீராந்தியைத் திண்டுது, ஓடு சரிஞ்சுது, உள்ளுக்க மரம் முளைச்சுது. 60,000 கிறிஸ்தவர் எண்ட பால்டேயஸ் கணக்கின்ட உள்பக்கம் அப்பதான் வடிவாத் தெரிஞ்சுது. நல்லூரில ஆறுமுக நாவலர் பிறந்தது 1822 இல, அதுக்குள்ள சைவக் கோயில்கள் திருப்பி எழும்பிக்கொண்டிருந்த காலம், அது தனிக் கதை.

அந்த நேரத்திலதான் அமெரிக்காவில இருந்து பூர் ஐயர், மெய்க்ஸ் ஐயர், வாறன் ஐயர், றிச்சர்ட்ஸ் ஐயர் (ஐயர் எண்டா இங்க போதகர்) எண்டு நாலு பேர் 1816 இல வந்து இறங்கினவை. கொழும்பிலயும் காலியிலயும் ஏற்கெனவே வேற மிசன்காரர் இருக்க, தேசாதிபதி பிரவுன்றிக் இவைக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டி விட்டார், பாழடைஞ்சு கிடந்த ஒல்லாந்தக் கோயில்களையும் பக்கத்து வீடுகளையும் பாவிக்கக் குடுத்தார். பூரும் வாறனும் தெல்லிப்பழையில, மெய்க்ஸும் றிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையில. வட்டுக்கோட்டையில அவை வந்து பாக்கேக்க சுவர் உறுதியா நிண்டுது, கூரை இல்லை. ஒல்லாந்தக் காலத்து சுவருக்கு மேல எங்கட ஊர்ப் பனை வளையும் சிலாகையும் போட்டுத்தான் அதைத் திருப்பிக் கோயிலாக்கினது. 1823 இல அந்த வளவிலதான் வட்டுக்கோட்டை செமினறி எண்ட உயர்கல்விப் பள்ளி தொடங்கினது, பூர் ஐயர் முதல் அதிபர். தமிழ், சமஸ்கிருதம், இங்கிலீசு, கணிதம், வானசாஸ்திரம் எண்டு அந்தக் காலத்தில இந்தப் பக்கத்திலயே வேற எங்கயும் இல்லாத படிப்பு. சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்க படிச்ச ஆக்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின்ட முதல் பி.ஏ. பட்டம் வாங்கினது இவை ரெண்டு பேரும்தான். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சிட்ட தாமோதரம்பிள்ளை இளந்தாரியா நடந்து திரிஞ்ச வளவு அது. செமினறி 1855 இல மூடினவை, 1872 இல யாழ்ப்பாணக் கல்லூரி அதே இடத்தில தொடங்கினது. கோயிலும் கல்லூரியும் இண்டைக்கும் ஒண்டுக்கொண்டு பக்கத்தில.

1947 இல தென்னிந்திய திருச்சபை உருவாகேக்க யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிசன் சபையள் எல்லாம் அதில ஒரு ஆதீனமாச் சேர்ந்தினம். முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், 1970 வரைக்கும் இருந்தவர், பெரிய படிப்பாளி. அப்ப இருந்து வட்டுக்கோட்டைக் கோயில் பேராலயம்.

இனி பாக்கிறதைப் பற்றி. வட்டுக்கோட்டைக்கு நேர போகாதேங்கோ தம்பி. யாழ்ப்பாணத்தில இருந்து காரைநகர் ரோட்டால ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டி வர சங்கானை வரும், முதல்ல அங்க இறங்குங்கோ. சங்கானைப் பழைய கோயில் இப்ப தொல்லியல் திணைக்களத்துப் பாதுகாப்பில இருக்கிற பாழ்ச் சுவர், கூரை இல்லை, பூச்சு முக்காவாசி உதிர்ஞ்சு போச்சுது. உதிர்ஞ்சது ஒரு விதத்தில எங்களுக்கு உதவி, ஏனெண்டா வட்டுக்கோட்டையில வெள்ளைக்குப் பின்னால ஒளிஞ்சு இருக்கிற எல்லாம் இங்க வெளியில தெரியும்.

சுவருக்குக் கிட்டப் போய் ஒரு கல்லைப் பாருங்கோ. அது கருங்கல்லும் இல்லை செங்கல்லும் இல்லை, முருகைக்கல்லு. கடலுக்குள்ள இருந்து வெட்டி எடுத்த பவளப்பாறை. மேல முழுக்க சின்னச் சின்ன நட்சத்திர வடிவில குழி குழியா இருக்கும், ஒவ்வொரு குழிக்குள்ளயும் ஒரு காலத்தில ஒரு உயிர் இருந்தது, சில கல்லில மூளை மடிப்புப் போல வளைஞ்சு வளைஞ்சு ஓடுற கோடு தெரியும், அது வேற சாதிப் பவளம். பிள்ளையளின்ட விரலை அதில வைச்சுத் தடவச் சொல்லுங்கோ, சொரசொரப்பா இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில சாந்தை உத்துப் பாத்தா சிப்பித் துண்டு, ஊரித் துண்டு, சரியா எரியாத சுண்ணாம்புக் கட்டி வெள்ளை வெள்ளையா அப்பிடியே இருக்கும். கல்லும் கடல், சாந்தும் கடல். முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில சுட்டு, நீத்து, மணலோட சேத்து அரைச்ச சுண்ணாம்பு. பனங்கட்டியும் கடுக்காயும் ஊறவிட்ட தண்ணி சேத்துக் குழைக்கிறது எண்டு பழைய மேசன்மார் சொல்லுவினம். முருகைக்கல்லை ஈரமா இருக்கேக்க கத்தியால வெட்டுற மாதிரி வெட்டலாம், காய காய இறுகும், பாரமும் குறைவு, அதாலதான் கருங்கல் இல்லாத எங்கட ஊரில பெரிய வளைவுகளை இதை வைச்சுக் கட்ட ஏலுமா இருந்தது. ஆனா உறுதி குறைவு, அதால சுவரை மூண்டு நாலு அடி மொத்தத்துக்குக் கட்ட வேண்டி வந்தது. யன்னல் வளைவுக்குள்ள கையை நீட்டிப் பாருங்கோ, சுவரின்ட மொத்தம் அப்ப விளங்கும். வெய்யில் நேரத்தில இந்தக் கட்டிடங்களுக்குள்ள குளிரா இருக்கிறதுக்கும் காரணம் இந்த மொத்தம்தான்.

இன்னொண்டும் அங்க காணலாம், ஆனா அது கவலையான காட்சி. சுவருக்கு மேல ஆல், அரசு முளைச்சு வேர் கல்லுக்குள்ளால இறங்கும். குருவி எச்சத்தில வந்த விதை. வேரைப் பிடிச்சு இழுத்தா கல்லோட வரும், விட்டா சுவரைப் பிளக்கும். சின்னனா இருக்கேக்க வெட்டி அடிக்கு மருந்து வைக்க வேணும், வருசா வருசம் பாக்க வேணும், ஒருக்கா செய்துபோட்டு விடுற வேலை இல்லை அது.

இதில எனக்கு மனசில கிடக்கிற ஒரு விசயம் இருக்கு, கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், வெளிநாட்டில இருந்து ஊர்க் கோயிலுக்கு காசு அனுப்புற ஆக்கள் தயவுசெய்து கேளுங்கோ. திருத்துறம் எண்டு பழைய முருகைக்கல் சுவருக்கு சீமெந்து பூசாதேங்கோ. முருகைக்கல்லு நிலத்துத் தண்ணியை மேல இழுக்கும், அதோட உப்பும் வரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியில விடும், சுவர் ஈரமாகும் காயும், மாரியில ஒரு நிறம் கோடையில ஒரு நிறம், அப்பிடி 300 வருசம் நிக்கும். சீமெந்து பூசினா ஈரம் வெளியில போக வழி இல்லை, உப்பு உள்ளுக்கயே கட்டிபட்டு கல்லைத் தூளாக்கும், வெளியில பூச்சு பளபளப்பா நிக்கும், உள்ளுக்க கல்லு மாவாப் போயிருக்கும், பத்து பதினைஞ்சு வருசத்தில பூச்சு கல்லையும் கொண்டு தட்டுத் தட்டா விழும். பிளாஸ்டிக் பெயின்டும் அதே வேலைதான் செய்யும். உப்புக் காத்து அடிக்கிற ஊரில வளைவுக்குள்ள இரும்புக் கம்பி வைச்சுக் கட்டினா கம்பி கறள் பிடிச்சு வீங்கி வளைவையே வெடிக்க வைக்கும். போர் அழிச்சது ஒரு பங்கு, நல்ல மனசோட செய்த திருத்தம் அழிச்சது இன்னொரு பங்கு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேசன்மார் இண்டைக்கு விரல் விட்டு எண்ணலாம், அவையிட்ட இளம் பொடியள் நாலு பேர் பழகினா அதுவே பெரிய காரியம், காசு அனுப்புறவை அதுக்கு அனுப்பினா இன்னும் நல்லது.

சங்கானையைப் பாத்து முடிய அதே ரோட்டால சித்தங்கேணி கழிச்சு வட்டுக்கோட்டைக்குப் போங்கோ. இப்ப உங்கட கண் பழகியிருக்கும். முதல்ல வெளியில நிண்டு சுவரின்ட அடியைப் பாருங்கோ, எவ்வளவு அகலமா நிலத்தில குந்தியிருக்கு எண்டு. பறங்கியர் ஊர்க் கோயில்களைக் கட்டினது நீட்டு மண்டபமா, ஒரு அந்தத்தில வாசல் மறு அந்தத்தில பீடம். ஒல்லாந்தர் ஊரில அந்த நீட்டு வடிவத்தை மாத்தேல்ல, கோட்டைக்குள்ள தாங்களாப் புதுசாக் கட்டேக்கதான் சிலுவை வடிவம். அதால வட்டுக்கோட்டையில உள்ள போய் நடுவில நிண்டு முன்னையும் பின்னையும் பாத்தீங்கள் எண்டா, பூசைக்கு நடந்து போற நீளத்தையும், பிரசங்கம் கேக்க எல்லாரும் ஒண்டா இருக்கிற அகலத்தையும் ஒரே நேரத்தில உணரலாம். யன்னல் வளைவுகளின்ட உள்பக்கத்துச் சரிவைப் பாருங்கோ, மொத்தச் சுவருக்குள்ளால வெளிச்சம் பரவ அப்பிடி வைக்கிறது. பிறகு தலையை உயர்த்திக் கூரையைப் பாருங்கோ. ஒல்லாந்தக் காலத்துக் கூரை இல்லை அது, அமெரிக்கன் மிசன் காலத்திலயும் அதுக்குப் பிறகும் மாத்தி மாத்திப் போட்டது. சுவருக்கு ஒரு வயசு, கூரைக்கு ஒரு வயசு, வாங்குகளுக்கு ஒரு வயசு. வளவுக்குள்ள இருக்கிற கல்லறைகளையும் தவற விடாதேங்கோ, பேரையும் வருசத்தையும் பிள்ளையளை வாசிக்கச் சொல்லுங்கோ. வாந்திபேதியும் காய்ச்சலும் அந்தக் காலத்தில எல்லாரையும் ஒரே மாதிரித்தான் கொண்டு போனது, பூர் ஐயரே 1855 இல வாந்திபேதியாலதான் மானிப்பாயில செத்தவர்.

ஏலுமெண்டா ஞாயிற்றுக்கிழமை காலம்பற ஆராதனைக்குப் போங்கோ. கட்டிடம் கதைக்கிறது சனம் பாடேக்கதான், அந்த மொத்தச் சுவர் பாட்டை உள்ளுக்கயே வைச்சுத் திருப்பித் தரும், வெறும் கோயிலைப் பூட்டுத் திறந்து பாக்கிறதில அது கிடைக்காது. கிழமை நாளில போறதெண்டா முதலே ஐயருக்கு அறிவிச்சுப்போட்டுப் போங்கோ, திறப்பு ஆரிட்ட எண்டு அலைய வேண்டி வராது. பக்கத்தில கல்லூரி வளவில ஒட்லி ஹோல் எண்ட செமினறி காலத்துக் கட்டிடமும் இருக்கு, அதுக்கு கல்லூரியில கேட்டுத்தான் உள்ள போக வேணும்.

பதிவு எடுக்கிறதைப் பற்றி கேட்டிருந்தீங்கள். அம்மம்மான்ட ஞானஸ்நானம் இருவதாம் நூற்றாண்டு எண்டா சபை அலுவலகத்திலதான் முதல் கேக்க வேணும், பேர், தாய் தேப்பன் பேர், கிட்டத்தட்ட எந்த வருசம் எண்டு எழுதிக்கொண்டு போங்கோ, வருசம் தெரியாட்டி தேடுறது பெரிய கஷ்டம். கலியாணப் பேர் இல்லை, பிறந்தவீட்டுப் பேர் வேணும். ஞானஸ்நானப் பேரும் வீட்டில கூப்பிட்ட பேரும் வேற வேறயா இருக்கிறது எங்கட ஆக்களுக்கு சாதாரணம், அதால ரெண்டையும் குடுங்கோ. இடம்பெயர்வில கன ஊர்க் கோயில்களின்ட புத்தகங்கள் துலைஞ்சு போயிருக்கு, கிடைக்காட்டி மனம் விடாமல் அரசாங்கப் பதிவாளர் பகுதியில பிறப்பு, விவாகப் பதிவைக் கேளுங்கோ. அதுக்கும் முந்தி, ஒல்லாந்தக் காலத்து தோம்புகள் எண்டா கொழும்பில தேசிய சுவடிக்கூடத்துக்குத்தான் போக வேணும், அங்க ஒல்லாந்த ஆவணங்கள் பெருந்தொகையா இருக்கு, பழைய ஒல்லாந்த எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ஆளின்ட உதவி வேணும். போக முந்தி பெரியம்மா, மாமா ஆக்களிட்ட வீட்டுப் பழைய பைபிளின்ட முன் ஒற்றையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, அமெரிக்கன் மிசன் குடும்பங்களில பிறப்பு இறப்பு எல்லாம் அதிலதான் எழுதி வைக்கிறது வழக்கம், கன பேருக்கு தேடினது அதிலயே கிடைச்சிருக்கு.